மூன்று பென்ஸ் வரியும் படியளக்கும் கையும்

1773 டிசம்பர் 16ஆம் தேதி இரவு, அன்று பிரிட்டன் ஆண்ட அமெரிக்கக் காலனிகளில் ஒன்றான மாசசூசெட்ஸின் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட தேயிலை, விலை குறைந்த தேயிலை. அதுவரை முறைப்படி வரி கட்டி அந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த சரக்கைவிட மலிவாக அது கடைக்குப் போயிருக்கும். பள்ளிப் பாடத்தில் ‘பாஸ்டன் தேநீர் விருந்து’ என்று நாம் படித்த நாலு வரியில் இது இருந்ததாக எனக்கு நினைவில்லை. வரி போட்டார்கள், விலை ஏறியது, மக்கள் கொதித்தார்கள் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. விலை இறங்கியபோது கொதித்தார்கள் என்று பிறகு தெரிந்தபோது, இந்தக் கதையை முதலிலிருந்து மறுபடியும் படிக்க வேண்டியிருந்தது.

படித்தால், இது முதல் தடவையும் இல்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 1764இல் லண்டன் நாடாளுமன்றம் மொலாசஸ் எனப்படும் கரும்புக் கழிவுப்பாகின் மீதான தீர்வையை ஒரு கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தது. நேர்பாதி. அப்போதும் பாஸ்டனைச் சுற்றிய நியூ இங்கிலாந்து காலனிகளின் வியாபாரிகள் நன்றி சொல்லவில்லை, சண்டைக்கு வந்தார்கள். இரண்டு முறை வரி குறைந்தது, இரண்டு முறையும் கோபம் கூடியது. அப்படியென்றால் அவர்கள் எண்ணிப் பார்த்தது பென்ஸை மட்டும் இல்லை.

மொலாசஸ் விஷயத்தை முதலில் பார்க்கலாம். பாஸ்டன், ரோட் ஐலண்டு பகுதிகளில் ரம் காய்ச்சுவது பெரிய தொழில். அதற்கு வேண்டிய பாகு கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த தீவுகளிலிருந்து மலிவாக வந்தது. 1733இலேயே அதற்கு 6 பென்ஸ் தீர்வை விதித்திருந்தார்கள். ஆனால் அது ஏட்டில் இருந்த சட்டம். சுங்கக்காரர் கையில் ஏதாவது வைத்தால் பீப்பாய்கள் உள்ளே வந்துவிடும். முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடியது. 1764 சட்டம் வரியைப் பாதியாக்கிவிட்டு, அந்தப் பாதியை உண்மையாகவே வசூலிக்கக் கிளம்பியது. கடற்படைக் கப்பல்கள் சோதனைக்கு வந்தன. ஒவ்வொரு சரக்குக்கும் கட்டுக்கட்டாகக் காகிதம் கேட்டார்கள். பிடிபட்ட வழக்கை நோவா ஸ்கோஷியாவில் உள்ள ஹாலிபாக்ஸ் கடல்துறை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம் என்றார்கள். அங்கே ஜூரி கிடையாது. குற்றம் செய்யவில்லை என்பதைக் கப்பல்காரர்தான் நிரூபிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, வரியைவிட இதுதான் அடிவயிற்றைக் கலக்கியது.

சரி, லண்டன் ஏன் இப்படி இறங்கியது? அவர்கள் பக்கத்து நியாயத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் ஜெயித்தது, பிரெஞ்சுக்காரர்கள் கனடாவை இழந்தார்கள். ஆனால் போர் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் சுமார் 13 கோடி பவுண்டு. போருக்கு முன் இருந்ததுபோல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்க எல்லையைக் காக்க சுமார் 10,000 சிப்பாய்களை அங்கேயே நிறுத்துவது என்று முடிவாயிற்று. அந்தச் செலவில் ஒரு பங்கையாவது காலனிக்காரர்கள் தரட்டும் என்றார் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். இங்கிலாந்தில் இருப்பவர் தலைக்குக் கட்டிய வரி, அமெரிக்காவில் இருப்பவர் கட்டியதைப்போலப் பல மடங்கு. 1763இல் ஆப்பிள் மதுவுக்குப் போட்ட வரியை எதிர்த்து இங்கிலாந்துக்குள்ளேயே கலகம் நடந்தது. சொந்த ஊரில் இனிமேல் பிழிய முடியாது என்ற நிலையில்தான் அவர் கடலுக்கு அப்பால் பார்த்தார்.

அப்படி வந்ததுதான் 1765 மார்ச் 22இல் நிறைவேறிய முத்திரைச் சட்டம். பத்திரம் பதிய முத்திரைத்தாள் வாங்கிப் பழகிய நமக்கு இது எளிதாகப் புரியும். நிலப் பத்திரம், உயில், வழக்கு மனு, கப்பல் சரக்குச் சீட்டு எல்லாம் முத்திரை குத்திய தாளில்தான் எழுத வேண்டும். இதோடு நின்றிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கலாம். செய்தித்தாளுக்கும் வரி, அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், பஞ்சாங்கத்துக்கு வரி, சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக்காய்க்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு. வக்கீல், அச்சகத்தார், சாராயக்கடைக்காரர், மாணவர் என்று பேசவும் எழுதவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே சட்டம் ஒரே நாளில் சீண்டியது. பணத்தை ஸ்டெர்லிங் கணக்கில் கட்ட வேண்டும். காலனிகளில் வெள்ளிக் காசுக்கு எப்போதும் தட்டுப்பாடு. போதாததற்கு, காலனிகள் அச்சடித்துப் புழங்கிவந்த காகிதப் பணத்துக்கு முந்தைய ஆண்டுதான் லண்டன் கடிவாளம் போட்டிருந்தது.

இத்தனைக்கும் இந்தச் சட்டத்தால் எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு சுமார் 60,000 பவுண்டுதான்.

அதுவரை அமெரிக்கக் காலனிகளில் உள்ளூர் வரியை விதித்தது அந்தந்தக் காலனியின் மக்கள் சபை. வர்ஜீனியாவில் அப்படி ஒரு சபை 1619இலிருந்தே இருந்தது. சபை என்றால் சொத்துள்ள வெள்ளை ஆண்கள் தேர்ந்தெடுத்த சபை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வரி என்பது அரசன் எடுத்துக்கொள்வது அல்ல, மக்கள் தங்கள் பிரதிநிதிகள் மூலம் கொடுப்பது என்ற எண்ணம் ஆழமாக வேரோடியிருந்தது. அது இங்கிலாந்தில் பிறந்த எண்ணம்தான். 1765 மே மாத இறுதியில் பாட்ரிக் ஹென்றி வர்ஜீனியா சபையில் கொண்டுவந்த தீர்மானங்கள் சொன்னதும் இதைத்தான்: எங்களுக்கு வரி போடும் உரிமை எங்கள் சபைக்கு மட்டுமே. அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி அதையே மனுவாக எழுதினார்கள்.

லண்டனிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற பெரிய ஊர்களுக்கும்கூட நாடாளுமன்றத்தில் தனி உறுப்பினர் இல்லை. குடியிருக்க ஆளே இல்லாத ஓல்டு சாரம் என்ற மண்மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். மான்செஸ்டர்காரர் வரி கட்டவில்லையா? உறுப்பினர் யாராக இருந்தாலும் பேரரசு முழுவதற்கும் சேர்த்துத்தான் யோசிக்கிறார், ஆகவே அமெரிக்கர்களுக்கும் பிரதிநிதித்துவம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றார்கள்.

மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி இதற்குக் கொடுத்த மறுமொழி இந்தச் சர்ச்சை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வாதம். மான்செஸ்டர்காரருக்கு ஓட்டு இல்லைதான். ஆனால் அவர்மேல் விழும் வரி அவருக்குப் பக்கத்து ஊரில் ஓட்டு உள்ளவர்மேலும் விழுகிறது, சட்டம் போடும் உறுப்பினர்மேலும் விழுகிறது. அந்தப் பயமே அவருக்குக் காவல். அமெரிக்காவில் போடும் வரி அப்படியா? அது இங்கிலாந்தில் ஒருவருக்கும் வலிக்காது. வலிக்காதது மட்டுமல்ல, அமெரிக்கரிடம் எவ்வளவு கூட வாங்குகிறார்களோ அவ்வளவு இங்கிலாந்துக்காரரின் பாரம் குறைகிறது. போடுகிறவருக்குச் சுகமும் கட்டுகிறவருக்குச் சுமையும் தரும் வரியில் இருவருடைய நலனும் ஒன்று என்று எப்படிச் சொல்ல முடியும்? தூரத்து அரசு விதிக்கும் எந்த வரியையும் எடை போட இந்த ஒரு கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாதம் ஒரு பக்கம். தெருவில் நடந்தது வேறு. 1765 ஆகஸ்ட் 14 காலையில், பாஸ்டனில் முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்டவர் என்று பேசப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் உருவபொம்மை ஒரு எல்ம் மரத்தில் தொங்கியது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் எபனேசர் மக்கின்டாஷ், செருப்புத் தைப்பவர். ஆலிவர் மறுநாளே பதவி வேண்டாம் என்றுவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 26 இரவில், கூட்டம் தாமஸ் ஹட்சின்சன் வீட்டுக்குப் போனது.

இந்த ஹட்சின்சனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பம். அப்போது துணை ஆளுநர், தலைமை நீதிபதியும் அவரே. ஆலிவர் அவருக்கு மைத்துனர் முறை. முத்திரைச் சட்டம் சரியில்லை, வேண்டாம் என்று லண்டனுக்கு எழுதியவர் அவர். அது ஊருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் நம்பத் தயாராக இல்லை. கோடரியால் கதவைப் பிளந்து உள்ளே போனார்கள். சுவர்ப் பலகைகளைப் பெயர்த்தார்கள், மது அறையைக் காலி செய்தார்கள், பணமும் வெள்ளிப் பாத்திரங்களும் போயின. தோட்டத்து மரங்களைக்கூட விடவில்லை. விடியும்வரை கூரையை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாசசூசெட்ஸின் வரலாற்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கையெழுத்துத் தாள்களும் தெருச் சேற்றில் கிடந்தன. பக்கத்தில் குடியிருந்த பாதிரியார் ஆண்ட்ரூ எலியட் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். மறுநாள் ஹட்சின்சன் நீதிமன்றத்துக்கு அங்கி இல்லாமல், இரவல் உடையில், கண்ணீரோடு வந்து நின்றார்.

இதை வீரம் என்று என்னால் எழுத முடியவில்லை. எதிர்ப்பின் நியாயம் பெரியது. ஆனால் அந்த இரவில் சேற்றில் மிதிபட்டது ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு.

நவம்பர் 1இல் சட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். அந்தத் தேதிக்குள் ஏறக்குறைய எல்லாக் காலனிகளிலும் விநியோகஸ்தர்கள் விலகியிருந்தார்கள். பிரிட்டிஷ் சரக்கை வாங்குவதில்லை என்று வியாபாரிகள் கையெழுத்திட்டார்கள். அடி லண்டனிலும் பிரிஸ்டலிலும் விழுந்தது. ஏற்றுமதி நின்ற வியாபாரிகளே நாடாளுமன்றத்துக்கு மனுவோடு போனார்கள். 1766 பிப்ரவரியில், லண்டனில் காலனிக்காரர்களுக்காகப் பேசிவந்த பெஞ்சமின் பிராங்க்ளினை அவைக்கு அழைத்து விசாரித்தபோது, அமெரிக்கர்கள் முன்பு எதில் பெருமைப்பட்டார்கள் என்று கேட்டார்கள். இங்கிலாந்து நாகரிக உடையில் என்றார். இப்போது? புதிதாகத் தாங்களே நெய்யும்வரை பழைய உடையையே போட்டுக்கொள்வதில் என்றார். நம் கதர்க் காலத்துப் பேச்சு போலவே இருக்கும் இந்த வார்த்தைக்குப் பின்னால் நிஜமாகவே ராட்டைகள் சுழன்றன. ஊர் ஊராகப் பெண்கள் கூடி நூற்றார்கள். 1768இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கிய மாணவர்கள் நாட்டு நெசவுத் துணியில் வந்தார்கள்.

1766 மார்ச் 18இல் முத்திரைச் சட்டம் ரத்தானது. அந்தச் செய்தி பாஸ்டனுக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது மே 16இல். இரண்டு மாதம்! இந்தத் தூரத்தை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும். லண்டனில் ஒருவர் முடிவெடுக்கும்போது அவர் கையில் இருப்பது ஒன்றிரண்டு மாதத்துக்கு முந்தைய பாஸ்டன். பாஸ்டன்காரர் கோபப்படுவதோ ஒன்றிரண்டு மாதத்துக்கு முந்தைய லண்டன்மேல். ஒரு கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் ஒரு பருவமே மாறிவிடும்.

ரத்துச் செய்த அதே நாளில் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தையும் நிறைவேற்றியது: காலனிகளுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடும் முழு அதிகாரம் எங்களுக்கு உண்டு. பாஸ்டனில் வாணவேடிக்கை நடந்த மகிழ்ச்சியில் அதை அதிகம் பேர் படிக்கவில்லை.

அடுத்த ஆண்டே அந்த அதிகாரம் எடுத்தாளப்பட்டது. நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் 1767இல் கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதித் தீர்வை போட்டார். தேயிலைக்குப் பவுண்டு எடைக்கு 3 பென்ஸ். மொத்தமாக எதிர்பார்த்தது ஆண்டுக்கு சுமார் 40,000 பவுண்டு. சிப்பாய்ச் செலவுக்குக்கூட இது காணாது. பிறகு எதற்கு? சட்டத்தின் முகவுரையிலேயே பதில் இருந்தது. இந்தப் பணம் காலனிகளில் நீதி நிர்வாகத்துக்கும் ஆட்சிச் செலவுக்கும் போகும். அதாவது ஆளுநருக்கும் நீதிபதிக்கும் சம்பளம்.

இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதுவரை ஆளுநரை அனுப்புவது அரசன், அவருக்குச் சம்பளம் ஒதுக்குவது உள்ளூர் மக்கள் சபை. மாசசூசெட்ஸில் அதை ஆண்டுக்கு ஒருமுறை வாக்கெடுத்துத்தான் கொடுத்தார்கள். நிரந்தரச் சம்பளம் வேண்டும் என்று ஆளுநர்கள் எத்தனையோ முறை கேட்டும் சபை அசைந்து கொடுக்கவில்லை. படியளக்கும் கை சபையின் கையாக இருந்ததால்தான் கடல் கடந்து வந்த ஆளுநரும் உள்ளூர்க்காரர் சொல்லுக்குக் காது கொடுத்தார். அந்தப் படியைச் சபையின் கையிலிருந்து பிடுங்கி லண்டன் கையில் கொடுப்பதுதான் டவுன்ஷெண்ட் தீர்வை. காசு பாஸ்டன்காரருடையது, ஆனால் அளக்கும் கை மாறிவிடுகிறது. அப்புறம் ஆளுநர் யாரைப் பார்த்துப் பேசுவார்? நீதிபதி யாருக்குப் பயப்படுவார்?

1772இல் இது கண்கூடாக நடந்தது. அப்போது ஆளுநராகியிருந்தவர் அதே தாமஸ் ஹட்சின்சன். இனி என் சம்பளம் சுங்க வருமானத்திலிருந்து வருகிறது, சபை தர வேண்டியதில்லை என்று அறிவித்தார். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அப்படியே என்று செய்தி வந்தது. நவம்பரில், லண்டன் எதிர்ப்பில் முன்னால் நின்ற சாமுவேல் ஆடம்ஸ் முயற்சியில் பாஸ்டன் நகரக் கூட்டம் ஒரு கடிதத் தொடர்புக் குழுவை அமைத்து, மாசசூசெட்ஸின் ஒவ்வொரு சிற்றூருக்கும் எழுதத் தொடங்கியது. பின்னால் புரட்சியின் நரம்பு மண்டலமாக ஆனது இந்தக் குழுதான். அதைப் பிறப்பித்தது நீதிபதியின் சம்பளச் சீட்டு. 1774 தொடக்கத்தில் மற்ற நீதிபதிகள் அரசச் சம்பளம் வேண்டாம் என்றுவிட, தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர் மட்டும் அதை விட மறுத்தார். அவர் முன்னால் ஜூரியாக உட்கார மாட்டோம் என்று விவசாயிகளும் கைவினைஞர்களும் சொல்லிவிட்டார்கள்.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1768 அக்டோபரில் பாஸ்டனில் படை இறங்கியது. 1770 மார்ச் 5 மாலை சிப்பாய்கள் கூட்டத்தின்மேல் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே நாளில் லண்டனில் பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் தீர்வைகளை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தார். இங்கே நடப்பது அங்கே தெரியாது, அங்கே நடப்பது இங்கே தெரியாது. எல்லாத் தீர்வையும் போயின, ஒன்றைத் தவிர. உரிமை எங்களுடையது என்பதற்கு அடையாளமாகத் தேயிலையின் 3 பென்ஸை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இந்த இடத்தில் கதைக்குள் நமக்குத் தெரிந்த ஒரு பெயர் நுழைகிறது: கிழக்கிந்தியக் கம்பெனி. 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்ற கம்பெனி, அந்த வருமானத்தை நம்பிப் பங்குதாரர்களுக்கு லாபத்தை அள்ளிக் கொடுத்தது. 1769-70இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு மக்கள் மாண்டார்கள் என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் பின்னர் கணக்கிட்டார். அந்தச் சாவுக்கு நடுவிலும் நிலவரி வசூல் நிற்கவில்லை. 1772இல் லண்டனில் வங்கிகள் ஆட்டம் கண்டபோது கம்பெனியால் கடன் கட்ட முடியவில்லை. அரசுக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய 4 லட்சம் பவுண்டும் நின்றது. கிடங்குகளில் சுமார் ஒன்றே முக்கால் கோடி பவுண்டு எடைத் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. எல்லாம் சீனாவின் காண்டன் துறைமுகத்திலிருந்து வந்தது. அஸ்ஸாம், நீலகிரித் தேயிலையெல்லாம் அடுத்த நூற்றாண்டு விஷயம்.

கம்பெனியைக் காப்பாற்ற வந்ததுதான் 1773 மே மாதத் தேயிலைச் சட்டம். பிரிட்டனில் கட்டிய தீர்வை முழுவதும் திருப்பித் தரப்படும், லண்டன் ஏலத்தில் விற்காமல் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பித் தங்கள் முகவர்கள் மூலம் விற்கலாம். இடைத்தரகர் இல்லை, தீர்வை இல்லை, ஆகவே டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த தேயிலையோடும் மல்லுக்கு நிற்கும் விலை. மிஞ்சியிருந்தது அமெரிக்கக் கரையில் கட்ட வேண்டிய 3 பென்ஸ் மட்டும். அதையும் எடுத்துவிடுங்கள் என்று அவையில் வில்லியம் டவுட்ஸ்வெல் கெஞ்சாத குறையாகச் சொன்னார். தீர்வையை எடுக்காவிட்டால் தேயிலையை எடுக்க மாட்டார்கள் என்று நார்த் பிரபுவை எச்சரித்தார். அவர் எடுக்கவில்லை. அந்த 3 பென்ஸிலிருந்துதானே ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் படி போகிறது.

கம்பெனி வங்காளத்தில் செய்தது அமெரிக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. பிலடெல்பியாவின் ஜான் டிக்கின்சன் அந்த ஆண்டு புனைபெயரில் எழுதிய ஒரு கடிதத்தில், மண் விளைவிக்க மறுத்ததால் அந்தப் பஞ்சம் வரவில்லை, கம்பெனியும் அதன் ஆட்களும் உணவுப் பொருளை வளைத்துப் போட்டு ஏழை வாங்க முடியாத விலை வைத்ததால் வந்தது, ஒரே ஆண்டில் பதினைந்து லட்சம் பேர் செத்ததாகச் சொல்கிறார்கள் என்று எழுதினார். அடுத்து அமெரிக்காவின்மேல் கண் வைக்கிறார்கள் என்பது அவர் பயம். இந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகும். முர்ஷிதாபாத் பக்கத்தில் பட்டினியில் செத்தவர்களுக்காக அன்றைய லண்டனில் எழுந்த குரல்கள் கொஞ்சம். உலகத்தின் மறு கோடியில், வேறு ஒரு சண்டைக்கு நடுவில், அவர்கள் சாவு ஒருவருக்குச் சாட்சியாகப் பட்டிருக்கிறது.

ஏழு கப்பல்கள் கிளம்பின. பிலடெல்பியா, நியூயார்க், சார்ல்ஸ்டன் நகரங்களில் தேயிலை முகவர்கள் பயந்து விலகிக்கொண்டார்கள். பாஸ்டனில் மட்டும் விலகவில்லை. அங்கே முகவர்களில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள். டார்ட்மவுத் என்ற முதல் கப்பல் நவம்பர் 28இல் வந்தது. சுங்கச் சட்டப்படி இருபது நாளுக்குள் தீர்வை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு பறிமுதல். பறிமுதலானால் சுங்கத்தார் இறக்கி விற்பார்கள், தீர்வை எப்படியும் வசூலாகிவிடும். அந்தக் கெடு முடிவது டிசம்பர் 17. தேயிலையோடு திரும்பிப் போ என்றது ஊர். ஆளுநர் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு கப்பலும் வெளியே போகக் கூடாது என்றது கோட்டை, பீரங்கிகளோடு. நடுவில் மாட்டிக்கொண்டவர் கப்பல் சொந்தக்காரர் பிரான்சிஸ் ராட்ச், இருபத்துமூன்று வயது இளைஞர்.

டிசம்பர் 16, மழை நாள். ஓல்டு சவுத் வழிபாட்டு மன்றத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மில்டனில் இருந்த ஆளுநரின் கிராமத்து வீட்டுக்கு, ஏழு மைல் தூரம், ராட்சைக் கடைசியாக ஒருமுறை அனுப்பினார்கள். ஹட்சின்சன் சீட்டுத் தர மறுத்துவிட்டார். சட்டம் இடம் தராது என்பது அவர் பதில். ராட்ச் திரும்பி வந்து சொன்னபோது மன்றத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். சிறிது நேரத்தில் கூட்டம் கிரிபின் படகுத்துறையை நோக்கி நகர்ந்தது.

மோஹாக் பழங்குடியினர் போல வேஷம் போட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹியூஸ், அவரும் செருப்புத் தைப்பவர்தான். கொல்லன் பட்டறையில் கரித்தூள் எடுத்து முகத்தில் பூசிக்கொண்டதை வயதான காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். கப்பல் தலைவரிடம் போய்ச் சரக்கறைச் சாவியும் ஒரு டஜன் மெழுகுவர்த்தியும் கேட்டார். அவர் கொடுத்தார், கப்பலுக்கு மட்டும் சேதம் வேண்டாம் என்றார். சேதம் செய்யவில்லை. மூன்று மணி நேரத்தில் ஏறத்தாழ 340 பெட்டிகளைப் பிளந்து கொட்டினார்கள். சுமார் 42 டன், மதிப்பு 9,659 பவுண்டு. ஒருவர் கோட்டு உள்துணிக்குள் தேயிலையைத் திணித்துக்கொண்டதைப் பார்த்து ஹியூஸே அவரைப் பிடித்துக் கொடுத்தார். கடல் வற்றியிருந்த நேரம் அது. தேயிலை தண்ணீரில் கரையாமல் குவிந்து நின்றது. மறுநாள் காலை படகில் போய்த் துடுப்பால் அடித்து அமிழ்த்த வேண்டியிருந்தது.

அந்த டார்ட்மவுத் கப்பல் வேறொன்றையும் கொண்டுவந்திருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்தி வரப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்ட பிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு, லண்டனில் அச்சான பிரதிகள். அது பத்திரமாகக் கரை சேர்ந்தது. பதின்மூன்று காலனிகளின் சுமார் 25 லட்சம் மக்களில் 5 லட்சம் பேர் அடிமைகள். 1773 ஜனவரியிலேயே பாஸ்டன் அடிமைகள் விடுதலை கேட்டு ஆளுநருக்கும் சபைக்கும் மனு கொடுத்திருந்தார்கள். சம்மதமில்லாமல் மூன்று பென்ஸ் எடுப்பது அடிமைத்தனம் என்று முழங்கிய சபை, சம்மதமில்லாமல் முழு வாழ்வையும் எடுத்துக்கொண்டிருப்பதைப் பற்றிய அந்த மனுவை நிறைவேற்றவில்லை. அவர்கள் வாதத்தை மதிக்கிற எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

தேயிலையைக் கொட்டியது மற்ற காலனிகளில் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. கம்பெனிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றார் பிராங்க்ளின். ஆனால் லண்டன் கொடுத்த தண்டனை எல்லோரையும் ஒன்றாக்கிவிட்டது. 1774 ஜூன் 1இலிருந்து பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்ஸின் மேல்சபையை இனி அரசனே நியமிப்பான், நகரக் கூட்டம் கூட்டக்கூட ஆளுநர் அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. தென் கரோலினாவிலிருந்து அரிசியும் கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளும் பாஸ்டனுக்கு வந்தன. அந்தக் கோடையில் மாசசூசெட்ஸ் வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ் ஒரு விடுதியில் களைத்துப்போய் உட்கார்ந்து, கடத்தல் தேயிலையாக இருந்தால் ஒரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டார். இந்த ஊரில் தேயிலையை விட்டுவிட்டோம் ஐயா, காபி போட்டுத் தருகிறேன் என்றார் விடுதி நடத்திய பெண். அதைத் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார்.

1775 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. 1776 ஜூலை 4 சுதந்திர அறிவிப்பில் அரசன்மேல் சுமத்திய குற்றப் பட்டியலில் சம்மதமில்லாத வரி ஓர் இடத்தில்தான் வருகிறது. நீதிபதிகளின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் அரசன் தன் விருப்பத்துக்கே வைத்துக்கொண்டான் என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஜூரி விசாரணையைப் பறித்ததும் பட்டியலில் உண்டு. 1778இல் நாடாளுமன்றம் இறங்கி வந்து, வருமானத்துக்காகக் காலனிகளுக்கு இனி வரி போட மாட்டோம் என்று சட்டமே இயற்றியது. அப்போது எதிர்த்தரப்பு ஒரு நாடாக ஆகிவிட்டிருந்தது, பிரான்சோடு உடன்படிக்கையும் செய்திருந்தது.

ஹட்சின்சன் 1774 ஜூன் மாதமே லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனார். ஜூலை 1இல் அரசர் மூன்றாம் ஜார்ஜ் அவரை அழைத்து நெடுநேரம் விசாரித்தார். பாஸ்டனில் எவரை லண்டனின் ஆள் என்று ஊரே வெறுத்ததோ, அவருக்கு லண்டன் கடைசிவரை அந்நிய ஊராகவே இருந்தது. பழைய இங்கிலாந்தின் பெரிய பிரபு மாளிகையில் சாவதைவிட நியூ இங்கிலாந்தில் ஒரு சின்னப் பண்ணை வீட்டில் சாவது மேல் என்று எழுதினார். அது கைகூடவில்லை. 1780 ஜூன் மாதம் இங்கிலாந்திலேயே இறந்தார். பாதிரியார் எலியட் தெருவிலிருந்து பொறுக்கிக் கொடுத்த கையெழுத்துத் தாள்கள் மட்டும் பாஸ்டனிலேயே தங்கிவிட்டன. மாசசூசெட்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அவற்றில் அந்த இரவின் சேற்றுக் கறை இன்னும் தெரிகிறது.